இல்லாத நடுப்பெட்டி

என் வண்டிச் சாவியை மாப்பிள்ளை வேல்ராஜ் வாங்கி வைத்துக்கொண்டார். அதற்கு அவர் சொன்ன முதல் காரணம், கம்ப்யூட்டரில் ஓடுகிற சினிமாவில் ஆள் பேசுவது எனக்குக் கேட்கவில்லை என்பது. இப்படி ஒரு காரணத்துக்குச் சாவியைப் பறிகொடுத்தவன் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

வண்டி என்றால் பெரிய வண்டி இல்லை. டிவிஎஸ் எக்ஸெல். முன்னால் ஒரு ஆட்டைப் படுக்கப் போடலாம், பின்னால் ஒன்றைக் கட்டலாம். எனக்கு ஆட்டுத் தரகு. கரிவலம்வந்தநல்லூரில் யார் வீட்டில் கிடா நிற்கிறது, மேலநீலிதநல்லூரில் யாருக்கு அவசரமாக விற்க வேண்டியிருக்கிறது, அதை எந்த ஊர்க்காரர் கேட்பார் என்று பார்த்துச் சேர்த்து வைப்பேன். வண்டி இல்லை என்றால் அந்தத் தொழில் இல்லை. பஸ்ஸில் இறங்கி ஆடு பார்க்க வருகிறவனை எவனும் மதிக்கமாட்டான். அதிலும் பக்ரீத் நெருங்குகிற நேரம். வருசம் பூராவும் அலைந்தது இந்த நாளுக்காகத்தான்.

நான் இருப்பது சங்கரன்கோவிலில், மகள் கோகிலா வீட்டில். முன்பக்கம் வீடு, பின்பக்கம் தறி செட். மாப்பிள்ளை, அவர் தம்பி பேச்சிராஜ், என் மகள் மூன்று பேரும் பகல் பூராவும் அந்த விசைத்தறிச் சத்தத்துக்குள்தான் கிடப்பார்கள். பேச்சிராஜுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அதனால் அவனுக்கு ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. சேலை டிசைன் பார்க்க, பில் போட என்று சொல்லி வாங்கினான். அதில் பில் போட்டு நான் பார்த்ததில்லை. பெரிய திரை. திரைக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக முழங்கால் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி. மைக்செட்காரன் ஒருத்தன் கடையை மூடும்போது தள்ளிவிட்டது.

சாயங்காலம் தறி நின்றதும் படம் ஓடும். பாட்டு வந்தால் சுவரில் காரை உதிரும். சண்டை வந்தால் ஜன்னல் கம்பி நடுங்கும். ஆனால் ஆள் வாயைத் திறந்து பேசினால் எறும்பு பேசுகிற மாதிரி இருக்கும்.

"கொஞ்சம் கூட்டுலே, பேசுறது கேக்கல" என்றேன் முதல் நாள்.

பேச்சிராஜ் கூட்டினான். உடனே படத்தில் ஒருத்தன் இன்னொருத்தனை அறைந்தான். பக்கத்து வீட்டு நாய் ஊளையிட்டது. அந்த வீட்டுக்காரர் வெளியே வந்து, "என்னவே, வீட்டுக்குள்ள வெடி போடுதீயளா?" என்றார். அவன் குறைத்தான். மறுபடி எறும்பு. நான் மறுபடி கூட்டச் சொன்னேன். மறுபடி நாய்.

"உங்களுக்கெல்லாம் கேக்காக்கும்?" என்று கேட்டேன்.

"கேக்கே" என்றார்கள் மூன்று பேரும்.

"என்ன சொன்னான், சொல்லு பாப்போம்."

"'உங்க அப்பன் கையெழுத்து இதுல இருக்கு'ன்னான்" என்றாள் கோகிலா. மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். அடுத்த காட்சியில் பார்த்தால் ஒரு பத்திரத்தைக் கொண்டுவந்து மேசையில் போடுகிறான். அவள் சொன்னது சரிதான்.

எனக்கு அப்போதே சந்தேகம். வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது நமக்கு மட்டும் தெரியவில்லை என்றால் அதில் ஒரு சூது இருக்கும். ஆனால் சூது செய்கிறவனுக்கு ஒரு லாபம் வேண்டுமே. என் எக்ஸெல்லை வைத்து மாப்பிள்ளை என்ன செய்யப்போகிறார்? அவரிடம் புல்லட் இருக்கிறது.

இது இப்படி இருக்கும்போது பஸ் விவகாரம் வந்தது. ராஜபாளையம் ரோட்டில் ஒரு பஸ் எனக்குப் பின்னால் வந்து ஹார்ன் அடித்தது. எனக்கு நன்றாகக் கேட்டது. நான் ஒதுங்கவில்லை. வண்டியில் சினை ஆடு ஒன்று வயிற்றைத் தள்ளிக்கொண்டு கிடக்கிறது. ரோட்டை விட்டு இறக்கினால் குலுங்கும். அவனுக்கு அவசரம் என்றால் அவன் சுற்றிப் போகட்டும். அவன் அடித்துக்கொண்டே வந்தான், நான் போய்க்கொண்டே இருந்தேன். அந்த பஸ்ஸுக்குப் பின்னால் புல்லட்டில் மாப்பிள்ளை வந்ததுதான் எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் கையை நீட்டினார்.

"மாமா, சாவியக் குடுங்க."

"எதுக்கு மாப்ள?"

"உங்களுக்குக் காது கேக்கல. சினிமா கேக்கல, பஸ்ஸு கேக்கல, கோகிலா கூப்பிட்டா கேக்கல. காது கேக்காத ஆளு வண்டி ஓட்டக் கூடாது. நாளைக்கு ஒண்ணுன்னா ஊரு என்னயத்தான் கேக்கும்."

"பஸ்ஸு நல்லாக் கேட்டுது மாப்ள. நாந்தான் வழி விடல."

"யப்பா, அது இதவிட மோசம்" என்றாள் கோகிலா.

நிஜத்தைச் சொன்னாலும் சாவி போகும், பொய் சொன்னாலும் போகும் என்கிற இடத்தில் மாட்டிக்கொண்டேன். கொடுத்துவிட்டேன். கல்யாண மண்டபத்தில் இலவசக் காது முகாம் நடக்கிறது, அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தால் சாவியைத் தருகிறேன் என்றார் மாப்பிள்ளை. நான் போகவில்லை. அங்கே காது பார்க்கிறவனேதான் காது மிசினும் விற்கிறான். அவன் எவனையாவது 'உனக்கு நல்லாக் கேக்கு, போ' என்று திருப்பி அனுப்புவானா? போகாததும் எனக்கு எதிராகப் போயிற்று. பயந்துதான் வரவில்லை என்றார்கள்.

வீட்டில் உட்கார்ந்தேன். குக்கர் விசிலை எண்ணச் சொன்னார்கள். கொத்தமல்லி ஆயச் சொன்னார்கள். காது கேட்காதவனை விசில் எண்ணச் சொல்லுகிறீர்களே, அது என்ன நியாயம் என்று கேட்டேன். இன்னொரு கட்டுக் கொத்தமல்லியைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

வீட்டை விட வெளியேதான் மோசம். இன்னொரு ஆட்டுத் தரகன் இசக்கித்துரை என்று ஒருத்தன் இருக்கிறான். டீக்கடையில் என்னைக் கண்டதும் எழுந்து வந்து, என் காதில் கையைக் குவித்து வைத்து, "அண்ணாச்சீ! டீ குடிச்சீயளா, டீ!" என்று கத்தினான். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

"ஏ மூதி, எதுக்குலே கத்துத?" என்றேன்.

"கேட்டுட்டா? அப்ப நல்ல செய்திதான்" என்றான்.

அதோடு விட்டானா? என் பெயரைச் சொல்லி, தங்கப்பழம் அண்ணாச்சிக்குக் காது போயிட்டு, நீங்க ஒரு விலை சொன்னா அவரு வேற விலையக் கொண்டு போயிச் சொல்லுவாரு என்று கிராமம் கிராமமாகச் சொல்லிவிட்டான். மேலநீலிதநல்லூரில் நான் பார்த்து வைத்திருந்த கருங்கிடா அவன் வண்டியில் போகிறதை நானே பார்த்தேன். கிடா என்னைப் பார்த்தது. நான் நடந்து போய்க்கொண்டிருந்தேன்.

சாவியைத் திரும்பக் கேட்கலாம் என்று ஒருநாள் காலையில் தறி செட்டுக்குப் போனேன். தறி ஓடும்போது நான் அந்தப் பக்கம் போவதே இல்லை. பக்கத்தில் நின்று கத்தினாலும் ஒன்றும் விழாது. வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை ஒரு கோடியில் அறுந்த நூலை முடிந்துகொண்டிருக்கிறார். கோகிலா மறு கோடியில் நூல் சுற்றுகிறாள். நடுவில் பேச்சிராஜ். மூன்று பேரும் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் சொல்வதைக் கவனியுங்கள். அவர்கள் கத்தவில்லை. கோகிலா வாயைப் பெரிதாகத் திறந்து மூடுகிறாள். மாப்பிள்ளை அந்தக் கோடியிலிருந்து தலையாட்டுகிறார். பிறகு அவர் வாயைத் திறந்து மூடுகிறார். பேச்சிராஜ் நடுவிலிருந்து எதையோ சேர்த்து விடுகிறான். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். இத்தனைக்கும் தறி இரைச்சலைத் தவிர ஒரு சொட்டுச் சத்தம் இல்லை. என்னைக் கண்டதும் மூன்று வாயும் ஒன்றாக மூடின. என்னைப் பற்றித்தான் பேச்சு.

நான் சாவியைக் கேட்காமல் திரும்பி வந்துவிட்டேன். மண்டைக்குள் ஒன்று ஊர்ந்தது.

மத்தியானம் கரண்டு போய்த் தறி நின்றது. நான் பின்வாசல் பக்கம் கை கழுவிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் அடுப்படி தெரியும். கோகிலாவுக்கு நான் இருப்பது தெரியாது. அவள் முன்னறையில் கிடக்கும் என் நாற்காலியைப் பார்த்து வாயைப் பெரிதாகத் திறந்து, "யப்பா, சாப்பிட வாங்க" என்றாள். நாற்காலிக்கு முதுகு உயரம். அதில் நான் இருக்கிறேனா இல்லையா என்று பின்னாலிருந்து தெரியாது. வாய் அத்தனை பெரிதாகத் திறந்ததே தவிர, சத்தம் கோழிக்குஞ்சு அளவுக்குத்தான் வந்தது. மூன்று முறை கூப்பிட்டாள். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னாள்:

"பாத்தீயளா? எத்தன சத்தம் போடுதேன். அப்பாவுக்குக் கேக்கவே இல்ல."

"காது சுத்தமாப் போயிட்டு" என்றார் அவர், காலி நாற்காலியைப் பார்த்து.

நான் கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலிருந்து வந்து, "என்ன குழம்பு?" என்றேன். இரண்டு பேரும் துள்ளிவிட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் படத்தைப் பார்க்கவில்லை. படம் பார்க்கிற மூன்று பேரையும் பார்த்தேன். ஆறு கண்ணும் பேசுகிறவன் வாயில்தான் இருந்தன. பேசுகிறவன் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டால் மூன்று கழுத்தும் அவன் முகத்தைத் தேடிக்கொண்டு போயின. ஒருத்தி போனை வாய்க்கு முன்னால் பிடித்துப் பேசினாள். கோகிலா, "இவ என்ன சொல்லுதா?" என்றாள். மாப்பிள்ளை, "சும்மா ஏதோ சொல்லுதா" என்றார். பிறகு வில்லன் வந்தான். அவனுக்கு மேல் உதட்டை மூடுகிற மீசை. அவன் பேசி முடிக்கிற வரைக்கும் ஒருத்தருக்கும் ஒன்றும் புரியவில்லை. "இவன் பேச்சே தெளிவா இல்ல" என்றான் பேச்சிராஜ்.

அப்போது எனக்கு விளங்கிவிட்டது. இவர்கள் யாருக்கும் படத்தில் பேசுவது கேட்கவில்லை. தறிக்குள் இருந்து இருந்து வாயைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கப் பழகிவிட்டார்கள். அது அவர்களுக்கே தெரியாது. காதால் கேட்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆட்டுக்காரன் ஒருத்தன் வாயைப் பார்த்து என்ன பிடிப்பான்? ஆட்டின் வாயில் பல்லைத்தான் பார்ப்பான்.

சொன்னால் நம்பமாட்டார்கள். செவிடன் மற்றவனைச் செவிடன் என்கிறான் என்பார்கள். அதனால் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிற அப்ரீன் பானு கடைக்குப் போனேன். ஜெராக்ஸ், கம்ப்யூட்டர் ரிப்பேர் எல்லாம் அந்தப் பிள்ளைதான் பார்க்கிறாள். அவள் வாப்பா அப்துல் ஜப்பார் பக்ரீத் கிடாவுக்கு வருசா வருசம் என்னிடம்தான் சொல்லுவார்.

"தாத்தா, வாப்பா கிடா என்னாச்சுன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. இசக்கித்துரை ரெண்டு தடவ வந்துட்டுப் போயிட்டாரு" என்றாள்.

"கிடா இருக்கு. சாவி இல்ல" என்று கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் சிரித்து முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு திடீரென்று டாக்டர் மாதிரி கேள்வி கேட்டாள்.

"பாட்டு நல்லாக் கேக்குதா?"

"காரை உதிருது."

"பேச்சு மட்டும் கேக்கல?"

"ஆமா."

"மொத்தம் எத்தன பெட்டி?"

"ரெண்டு. ஏன்? இன்னும் ரெண்டு விக்கலாம்னு பாக்கியா?"

"நான் ஒண்ணும் விக்கல. அஞ்சே நிமிசத்துல சரி பண்ணித் தாரேன், வாங்க."

"இப்ப பண்ணாதே" என்றேன். "இப்பச் சரி பண்ணிட்டா, 'சத்தம் பெருசாயிட்டு, அதான் செவிட்டுக்கும் கேக்கு'ன்னு சொல்லுவானுவ. சாவி வராது. முதல்ல எனக்கு ஒரு படம் வேணும். வாய் ஒண்ணு பேசணும், சத்தம் வேற பேசணும்."

"நம்ம படத்துல பாதிக் கதாநாயகி அப்படித்தான் தாத்தா."

"பாதி பத்தாது. அம்புட்டுப் பேரும் அப்படி இருக்கணும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். அவளுக்குப் புரிந்துபோயிற்று. புரிந்ததும் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது, பாருங்கள், திருட்டு ஆட்டுக்குத்தான் அப்படி வரும். "தெலுங்கு டப்பிங் படம் ஒண்ணு ஏத்தித் தாரேன். நான் ரெண்டு தடவ பாத்தது. ஞாயித்துக்கெழம மத்தியானம் போடுங்க. நானும் வாரேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தறி கிடையாது. கறிச்சோறு தின்றுவிட்டு எல்லாரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தோம். "அப்ரீன் குடுத்தா, நல்ல படமாம்" என்று பென்டிரைவை நீட்டினேன். பேச்சிராஜ் வாங்கிச் செருகினான்.

படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் பாட்டும் காருமாக ஓடியது. பிறகு பேச ஆரம்பித்தார்கள். மூன்று பேரும் வழக்கம்போல வாயைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை கண்ணைச் சுருக்கினார். பேச்சிராஜ் திரைக்குப் பக்கத்தில் நகர்ந்து போனான். கோகிலா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள், கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துவிட்டாள் போல.

"என்ன சொல்லுதான்?" என்று பேச்சிராஜ் கேட்டான்.

"உனக்குக் கேக்கலியா?" என்றார் மாப்பிள்ளை.

"கேக்கு, கேக்கு. உனக்கு?"

"எனக்கென்ன, நல்லாக் கேக்கு."

எனக்கும் ஒரு வார்த்தைகூட விழவில்லை. இருந்தாலும் நான் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டு சொன்னேன்: "எனக்கு இன்னைக்கு என்னமோ நல்லாக் கேக்கு மாப்ள. அந்தப் பய தங்கச்சி கல்யாணத்துக்கு ஆடு கேக்கான்."

திரையில் கதாநாயகன் ஒரு பெரியவர் முன்னால் கையைக் கூப்பிக்கொண்டு நின்றான். பெரியவர் தலையைத் தலையை ஆட்டினார்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். "ஆமா. ஆடுதான் கேக்கான்" என்றார்.

"அவரு தரமாட்டேங்காரு. கிடாய்க்கு இன்னும் பல்லு விழலியாம்."

"கருமிப் பய" என்றான் பேச்சிராஜ்.

ஒரு பெண் ஓடிவந்து தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"இவ எதுக்கு அழுதா?" என்று கோகிலா என்னையே கேட்டாள்.

"அவ வளத்த கிடாலா. பால் புட்டி வச்சு வளத்திருக்கா. சொல்லிச் சொல்லி அழுதாளே, உனக்குக் கேக்கலியாட்டி?"

"கேட்டுது, கேட்டுது. பாவம்" என்றாள் என் மகள். அவள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அப்புறம் கதாநாயகன் ஒரு கூட்டத்தையே அடித்து நொறுக்கினான். கிடாவை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொன்னேன். அதையும் ஒத்துக்கொண்டார்கள். எந்தக் காட்சியிலும் ஒரு ஆடு கூட வரவில்லை என்பதை ஒருத்தரும் கேட்கவில்லை. நான் இன்னும் கொஞ்சம் ஓட்டியிருப்பேன். அதற்குள் அப்ரீன் பானு, "ஸலாம் அலைக்கும், அக்கா இருக்காங்களா?" என்று உள்ளே வந்தாள். வந்து திரையைப் பார்த்தாள்.

"என்ன அண்ணே, பேச்சே கேக்கல. ஊமப் படமாப் பாக்கீங்க?"

"ஏன் கேக்கல? நல்லாத்தானே கேக்கு" என்றார் மாப்பிள்ளை.

"அப்படியா? இதுவரைக்கும் என்ன கத?"

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "தங்கச்சி கல்யாணத்துக்கு ஆடு கேக்கான். அந்தக் கெழவன் தரல. இந்தப் பிள்ள வளத்த கிடா அது. அதக் களவாண்டுட்டுப் போயிட்டானுவ. அதான் சண்ட."

அப்ரீன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பில் பேச்சு வரவில்லை.

"அண்ணே, அவன் டாக்டரு. அந்தப் பெரியவருக்கு நெஞ்சுல ஆப்பரேசன். கையெழுத்துப் போடுங்கன்னு கெஞ்சுதான். அந்தப் பொண்ணு அவரு மக, அதான் அழுதா. ஆடு எங்கருந்து வந்துச்சு?"

"டாக்டரு எதுக்கு அத்தன பேர அடிக்கான்?" என்று பேச்சிராஜ் கோபமாகக் கேட்டான்.

"தெலுங்குப் படம்லா" என்றாள்.

மாப்பிள்ளை மெதுவாக என் பக்கம் திரும்பினார். "மாமா, ஆடுன்னு நீங்கதான சொன்னீய?"

"நான் செவிடன் மாப்ள. எனக்கு என்ன கேட்டுச்சோ அதச் சொன்னேன். உங்களுக்குத்தான் நல்லாக் கேட்டுதே, நீங்க ஏன் ஆமான்னீய?"

வீடு அமைதியாக இருந்தது. படமும் அமைதியாகத்தான் இருந்தது, ஆள் பேசிக்கொண்டிருந்தான்.

அப்ரீன் எழுந்துபோய் மௌஸைப் பிடித்தாள். எதை எதையோ அமுக்கி ஒரு படத்தைக் கொண்டுவந்தாள். நடுவில் ஒரு நாற்காலி, அதைச் சுற்றி ஆறு பெட்டி வரைந்திருந்தது. இடது பெட்டியை அமுக்கினாள். நம் இடது பெட்டி 'டிங்' என்றது. வலதை அமுக்கினாள், வலது 'டிங்' என்றது. நடுப்பெட்டியை அமுக்கினாள். ஒன்றும் இல்லை. மறுபடி அமுக்கினாள். இல்லை.

"இந்தப் படமெல்லாம் ஆறு பெட்டிக்குப் பிரிச்சு வச்ச சத்தம். பாட்டும் சண்டையும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகும். ஆள் பேசுறது முக்காவாசி நடுப்பெட்டிக்குத்தான் போகும். இந்த மிசின்ல ஆறு பெட்டி மாட்டியிருக்குன்னு யாரோ சொல்லி வச்சிருக்காங்க. அதனால அது பேச்ச எல்லாம் நடுப்பெட்டிக்கு அனுப்பிட்டு நிம்மதியா இருக்கு. நடுப்பெட்டி எங்க இருக்கு?"

திரைக்குக் கீழே நடுவில் கோகிலா வைத்த பிளாஸ்டிக் பூச்சாடி இருந்தது. எல்லாரும் அதைப் பார்த்தோம். இத்தனை நாளாக எத்தனை அப்பன் எத்தனை மகனிடம் பேசியிருப்பான், அத்தனையும் அந்தப் பூச்சாடிக்குப் போயிருக்கிறது.

"யாரு ஆறு பெட்டின்னு சொன்னது?" என்றார் மாப்பிள்ளை.

பேச்சிராஜ் தரையைப் பார்த்தான். "ரெண்டா ஆறான்னு கேட்டுது. ஆறுன்னு போட்டா ரெண்டு பெட்டியும் ஆறு பெட்டி மாதிரிச் சத்தம் போடும்னு நெனச்சேன்."

"கூறுகெட்ட பயலே."

"பணம் குடுக்காம நாலு பெட்டி வருதேன்னு பாத்தேன்" என்றான். அதில் மட்டும் எனக்கு அவன்மேல் ஒரு மதிப்பு வந்தது.

அப்ரீன் இரண்டு பெட்டி என்று மாற்றினாள். படத்தை ஓட்டினாள். சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டாள். டாக்டர் "கையெழுத்துப் போடுங்கய்யா!" என்று கத்தினான் பாருங்கள், கோகிலா கையில் இருந்த முறுக்குத் தட்டு பறந்தது. நாய்க்கும் அடுத்த வீட்டுக்காரருக்கும் அன்றைக்குத்தான் கதை புரிந்திருக்கும்.

"சரி, இதுதான் கோளாறு. மாமாவுக்கும் இனிமே கேக்கும்" என்று மாப்பிள்ளை எழுந்தார். விசயத்தை அதோடு முடிக்கப் பார்த்தார்.

"உக்காருங்க மாப்ள" என்றேன். "மிசினுக்கு வைத்தியம் பாத்தாச்சு. ஆளுக்கு இன்னும் பாக்கல. எல்லாரும் சுவத்தப் பாத்துத் திரும்பி நில்லுங்க. இந்தப் பிள்ள சத்தத்தப் பையப் பையக் குறைக்கட்டும். எவனுக்குக் கேக்கலியோ அவன் கையத் தூக்கு."

"இது என்ன மாமா, சின்னப் பிள்ளையளு மாதிரி" என்றார்.

"பயமா இருக்கா?"

நின்றார்கள். நானும் நின்றேன். நான்கு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு, வாத்தியார் தண்டனை கொடுத்த மாதிரி. அப்ரீன் குறைத்தாள். டாக்டர் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை கை மேலே போயிற்று. எனக்கே ஆச்சரியம். அவ்வளவு சீக்கிரம் எதிர்பார்க்கவில்லை. போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்கப் பேசுவாரே, அது பகட்டு என்று நினைத்திருந்தேன். பாவம், வேறு வழி இல்லாமல்தான் பேசியிருக்கிறார். அடுத்து பேச்சிராஜ். அப்புறம் கோகிலா.

நான் கையைத் தூக்கவில்லை. தூக்குவதாகவும் இல்லை. சுவரைப் பார்த்தபடி சட்டமாக நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்குப் பின்னால் மூச்சு மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"தாத்தா, படத்த நிறுத்தி ரொம்ப நேரம் ஆச்சு. கையத் தூக்குங்க."

சட்டென்று தூக்கிவிட்டேன்.

திரும்பிப் பார்த்தால் மூன்று பேரும் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்ரீன் அறையின் அந்தக் கோடியில், மௌஸுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். அவள் சொன்னது ஒருத்தர் காதிலும் விழவில்லை.

"நான் இப்ப என்ன சொன்னேன்?" என்று அவள் சத்தமாகக் கேட்டாள்.

"நீ எங்க சொன்ன?" என்றாள் கோகிலா.

அப்ரீன் சொன்னாள். நான் ஏமாற்ற நின்றதையும் சேர்த்துச் சொன்னாள். அது தேவை இல்லை, இருந்தாலும் சொன்னாள். கோகிலா வாயில் கை வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை அலமாரியைத் திறந்து எக்ஸெல் சாவியை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் வைத்தார். "தப்பா நெனச்சுக்காதீய மாமா" என்றார்.

நான் அந்தக் கையை மூடிக்கொண்டு மற்றக் கையை நீட்டினேன்.

"என்ன மாமா?"

"புல்லட்டுச் சாவி."

"அது எதுக்கு?"

"காது கேக்காத ஆளு வண்டி ஓட்டக் கூடாது. நாளைக்கு ஒண்ணுன்னா ஊரு என்னயக் கேக்கும் மாப்ள. பொண்ணக் குடுத்தவன் நான்."

அவர் கோகிலாவைப் பார்த்தார், அவள் ஏதாவது சொல்லுவாள் என்று. அவள் முறுக்கைப் பொறுக்கிக்கொண்டே, "நீங்கதான சட்டம் போட்டீய. திருநெல்வேலியில நல்ல காது டாக்டர்ட்டப் போயிப் பாத்துட்டு வாங்க. அதுவரைக்கும் சாவி அப்பாட்டயே இருக்கட்டும்" என்றாள். என் மகள் இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருசத்தில் எனக்காகப் பேசியது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை காலையில் நான் எக்ஸெல்லை உதைத்தேன். கரிவலம்வந்தநல்லூரில் ஜப்பாருக்குச் சொல்லி வைத்த கிடாவைப் பார்க்கப் போகவேண்டும். மாப்பிள்ளைக்கும் அங்கே சேலைக்காரர் ஒருத்தரைப் பார்க்க வேண்டியிருந்தது. வாசலில் நின்று தெருவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, ஒருத்தரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் பின்னால் ஏறிக்கொண்டார்.

போகும்போது ஒன்றும் இல்லை. வரும்போதுதான் கிடா. நல்ல கொம்புள்ள கிடா, முன்னால் கிடக்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. மாப்பிள்ளை மடியில் தூக்கி வைத்தேன். அவர் இரண்டு கையாலும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார். கிடா அவர் காதில் கத்தியது. அது மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்டிருக்கும்.

இத்தனை வருசமாக ஆட்டைக் கயிற்றால் கட்டித்தான் கொண்டு வந்திருக்கிறேன். பின்னால் பிடிக்க ஒரு ஆள் இருந்தால் எவ்வளவு சுகம் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. இன்னும் சிவகிரியில் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன், மேலநீலிதநல்லூரில் ஒன்று.

ஊருக்குள் நுழையும்போது மாப்பிள்ளை ஒரு கையை எடுத்து என் தோளைத் தட்டி, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "மாமா, டாக்டர்ட்டப் பேசிட்டேன். நாளைக்கே வரச் சொல்லுதாரு."

"என்ன அவசரம் மாப்ள?" என்றேன். "பக்ரீத் முடியட்டும்."